தொடக்கப்பள்ளியில் பாப் கலை

தொடக்கப்பள்ளியில் பாப் கலை என்பது, 1950களிலும் 1960களிலும் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வளர்ந்த பாப் கலையின் அடிப்படைகளை, ஆறு முதல் பத்து வயது வரையான மாணவர்களுக்கு விளையாட்டாக வரையவைத்துக் கற்பிக்கும் முறையைக் குறிக்கும். இதற்கெனப் பல பயிற்சிகள் வழக்கில் உள்ளன. வெடிச்சத்தம் போன்றதோர் ஒலியைக் குறிக்கும் சொல்லைப் பெரிய எழுத்தில் வரைந்து, அதைச் சுற்றி வெடிப்பு வடிவமும் வண்ணப் புள்ளிகளும் இடும் பயிற்சி அவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும். இக்கட்டுரை பெரும்பாலும் அப்பயிற்சியைப் பற்றியது.

பின்னணி

பாப் என்பது மக்களிடையே பரவலாக வழங்குவது எனப் பொருள்படும் பாப்புலர் என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகும். 1956இல் இலண்டன் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சிக்காக ரிச்சர்டு ஹாமில்டன் உருவாக்கிய ஒட்டுப்படம் இக்கலையின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இதழ்களிலிருந்து வெட்டிய விளம்பரப் படங்களால் ஆன ஒரு வீட்டின் கூடம் அதில் உள்ளது. அக்கூடத்துச் சுவரில், ஓவியம் மாட்டவேண்டிய இடத்தில், வரைகதை இதழின் அட்டை ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டுள்ளது. 1962இல் ஆன்டி வார்ஹால், கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் டப்பாக்களை 32 தனித்தனி ஓவியங்களாக வரைந்து லாஸ் ஏஞ்சலசில் காட்சிக்கு வைத்தார். அந்நிறுவனம் அப்போது விற்ற சூப் வகைகளும் 32 ஆகும்.

கடையிலும் குப்பைத்தொட்டியிலும் கிடக்கும் பொருள் ஓவியத்துக்கு உரியதாகலாம் என்பதே இவற்றின் அடிப்படைக் கருத்து. அரசர்களையும் போர்க்களங்களையும் காட்டும் ஓவியங்களைவிட, தாம் அறிந்த தின்பண்டத்தையும் வரைகதையையும் காட்டும் ஓவியங்கள் சிறுவர்களுக்கு எளிதில் விளங்குவதால், தொடக்கப்பள்ளிக்கு இது பொருத்தமாக அமைகிறது.

புள்ளிகளின் கதை

ஒலிச்சொல் பயிற்சிக்கு முன்மாதிரியாக அமைபவை ராய் லிக்டென்ஸ்டைனின் (1923–1997) ஓவியங்கள். 1961இல் இவர் வரைந்த "லுக் மிக்கி" என்னும் ஓவியம், 1960இல் வெளிவந்த சிறுவர் நூலொன்றின் படத்தைத் தழுவியது. மீன் பிடிக்கும் டொனால்டு வாத்து, தூண்டில் முள்ளைத் தன் சட்டையிலேயே மாட்டிக்கொண்டு, பெரிய மீன் அகப்பட்டதாக மகிழ்கிறது. மிக்கியின் முகத்திலும் டொனால்டின் கண்களிலும் உள்ள புள்ளிகளை, நாய்க்கு முடி வாரும் தூரிகையை வண்ணத்தில் தோய்த்து ஒற்றி இவர் இட்டார். பின்னாளில் துளையிட்ட உலோகத் தகட்டை வைத்து அதன் வழியே புள்ளிகளை இட்டார்.

இப்புள்ளிகள் பென்டே புள்ளிகள் எனப்படும். பெஞ்சமின் ஹென்றி டே என்ற அமெரிக்க அச்சாளரின் பெயரால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இவை வழங்குகின்றன. மேடான புள்ளிகள் கொண்ட ஜெலட்டின் படலத்தில் மை தடவி, அச்சுத்தகட்டின் மீது அழுத்துவது இவரது முறை. இளஞ்சிவப்புக்கெனத் தனி மை தேவையில்லை. வெள்ளைத்தாளில் சிவப்புப் புள்ளிகளை இடைவெளிவிட்டு அச்சிட்டால், சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும் கண் அதை இளஞ்சிவப்பாகவே காணும். விலை மலிவான வரைகதை இதழ்களில் மனிதரின் தோல்நிறம் இவ்வாறே அச்சானது. ஆக, புள்ளிகள் அலங்காரத்துக்காகத் தோன்றியவை அல்ல. செலவைக் குறைக்கப் பிறந்தவை. பல பாடக்குறிப்புகள் இதைச் சொல்லாமலேயே புள்ளியிடச் சொல்கின்றன. அப்போது பயிற்சியின் பாதிப் பொருள் போய்விடுகிறது.

செய்தித்தாள் ஒளிப்படங்களில் காணப்படும் புள்ளிகள் இவற்றிலிருந்து வேறானவை. அவற்றில் புள்ளியின் அளவு இடத்துக்கு இடம் பெரிதாகவும் சிறிதாகவும் மாறும். பென்டே புள்ளிகளோ ஒரு பரப்பு முழுவதும் ஒரே அளவினவாக, ஒரே இடைவெளியில் அமையும்.

செயல்முறை

வகுப்பை வரைவதில் தொடங்காமல் பார்ப்பதில் தொடங்குவது நல்லது. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே செய்தித்தாளின் வண்ணப்படத்தைப் பார்க்கும் மாணவர், ஒரே நிறமாகத் தோன்றிய முகம் புள்ளிகளாகப் பிரிவதைத் தாமே கண்டறிவர்.

அடுத்து ஒவ்வொருவரும் ஓர் ஒலியைத் தேர்ந்தெடுத்து அதற்குச் சொல் தேடவேண்டும். எல்லா மொழியிலும் ஒரே ஒலி ஒரே சொல்லாவதில்லை: நாய் தமிழில் "வள்" என்றும், ஆங்கிலத்தில் "வூஃப்" என்றும், சப்பானிய மொழியில் "வன்" என்றும் குரைக்கிறது. "படபட", "சலசல" போன்ற இரட்டைக்கிளவிகளை உடைய தமிழில் இப்படிக்குப் பஞ்சமே இல்லை. லிக்டென்ஸ்டைனின் "வாம்!" (1963) ஓவியத்தில் வெடிச்சத்தம் மஞ்சள் எழுத்துகளாகத் தீப்பிழம்பின் மேலேயே நிற்பதைக் காட்டினால், சொல்லும் படத்தின் ஒரு பகுதியாகலாம் என்பது விளங்கும். இடியின் எழுத்து கனமாகவும் கூர்முனைகளோடும், நீர் சொட்டும் ஒலியின் எழுத்து உருண்டும் இருக்கவேண்டும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவர்.

எழுத்தையும் அதைச் சூழும் வெடிப்பு வடிவத்தையும் பென்சிலால் தாள் நிறைய வரைந்தபின், சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று நிறங்களை மட்டும் பயன்படுத்தி, நிழலின்றிச் சமமாக நிரப்புவர். ஏதேனும் ஒரு பகுதியைப் புள்ளிகளுக்கென வெள்ளையாக விடவேண்டும். ஒரு பகுதி போதும். தாள் முழுதும் புள்ளியிடச் சொன்னால் சிறுவர் சலித்துவிடுவர். கறுப்புக் கோட்டை இறுதியாக இடுவது நலம். முதலிலேயே இட்டால் ஈர வண்ணம் பட்டு மை கலங்கும்.

புள்ளியிடப் பஞ்சுக்குச்சியே எளிய கருவி. வேறு இரண்டு வழிகள் கூடுதல் பயனுடையவை. பொருட்களைப் பொதிந்து அனுப்பும் குமிழித்தாளில் வண்ணம் தடவித் தாளில் அழுத்தினால், அது பெஞ்சமின் டேயின் படல முறையே. அட்டையில் வரிசையாகத் துளையிட்டு அதன் வழியே ஒற்றினால், அது லிக்டென்ஸ்டைனின் தகட்டு முறை. இரண்டையும் செய்துபார்க்கும் மாணவர், அச்சுப்பொறி செய்ததை ஓவியர் ஏன் கையால் மெனக்கெட்டுச் செய்தார் என்று கேட்கத் தொடங்குவர். பாப் கலையைப் பற்றிக் கேட்கத்தக்க முதன்மையான கேள்வி அதுவே.

நகலெடுத்தல் பற்றிய சிக்கல்

"வாம்!" ஓவியம், வரைகதை ஓவியர் இர்வ் நோவிக் வரைந்து 1962இல் வெளிவந்த கட்டமொன்றைத் தழுவியது. "மூழ்கும் பெண்" (1963) டோனி அப்ரூசோவின் கட்டத்தைத் தழுவியது. தழுவிய ஓவியங்கள் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. மூலத்தை வரைந்தவர்களின் பெயர்கள் நெடுங்காலம் பலருக்கும் தெரியவில்லை. லிக்டென்ஸ்டைன் சட்டகத்தையும் கோட்டையும் வண்ணத்தையும் மாற்றி வேறொரு படைப்பாக்கினார் என்பாரும், அது பிறர் உழைப்பு என்பாரும் இன்றும் உள்ளனர். இதனைச் சிறுவர்களிடம் மறைக்கவேண்டியதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தம் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டார் என்ற முறையீடு எந்த வகுப்பிலும் எழுவதால், இவ்விவாதம் அவர்களுக்குப் புதிதன்று.

இதே சிக்கல் வகுப்பறையிலும் தோன்றுகிறது. லிக்டென்ஸ்டைன் வரைந்த பெண் முகத்தின் கோட்டுப்படத்தை நகலெடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லும் வழக்கம் உண்டு. நகலின் நகலுக்கு நிறம் தீட்டும் மாணவர், எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சுவரில் ஒரே முகம் முப்பது முறை தொங்கும் காட்சி வார்ஹாலுக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் எதைத் திரும்பத் திரும்பக் காட்டுவது என்பதை அவர் தாமே முடிவு செய்தார்.

இதற்கு மாற்றாக கொரிட்டா கென்ட்டின் (1918–1986) முறையைக் கைக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலசின் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் ஓவியம் கற்பித்த கத்தோலிக்கத் துறவியான இவர், பாப் கலைப் பாணியில் திரை அச்சுகளை உருவாக்கியவர். நடுவே செவ்வகத் துளையிட்ட அட்டை ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, அதன் வழியே தெருவையும் கடையையும் விளம்பரப் பலகையையும் பார்க்கச் செய்தார். துளைக்குள் அகப்படும் சிறு பகுதி, சுற்றியுள்ளவற்றிலிருந்து விடுபட்டுப் புதிய வடிவமாகத் தெரியும். ஆறு வயதினருக்கு ஒலிச்சொல் பயிற்சி கடினமாக இருந்தால், இந்த அட்டையின் வழியே பிஸ்கட் உறையின் ஒரு மூலையைப் பார்த்து, அதைத் தாள் அளவுக்குப் பெரிதாக்கி வரையச் சொல்லலாம்.