மலையில பீர், கரிசல்ல கள்

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுல யாரோ எங்க தாத்தாவுக்கு ஒரு கிளாஸ் பீர் ஊத்திக் கொடுத்துட்டாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு என்கிட்ட கேட்டார்: "ஏய்யா, இது ஆறிப்போன கள் மாதிரில்ல இருக்கு. இதுக்கு மட்டும் எப்படிக் கடை இருக்கு?"

இந்த எபிசோடே அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

தாத்தா பனையேறி. ஊர் வெம்பக்கோட்டை பக்கம். அகழாய்வு மேட்டால இப்போ உங்களுக்கும் அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டிட்டு இறங்குவார். உள்ளே சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா கள். ஈஸ்ட் தானாவே வந்து சேரும். எங்க ஊர் வெயில்ல சில மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்.

பீர் அவ்வளவு லேசா வராது. பார்லியை முளைக்க வெச்சு, உலர்த்தி, வெந்நீர்ல ஊறவெச்சு சர்க்கரையை எடுக்கணும். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, அப்புறம்தான் ஈஸ்ட். சூடு ஏறினா வேற கிருமிகள் புகுந்து புளிச்சுப் போகும். ஆல்ப்ஸ் அடிவாரத்துல இருக்கிற பவேரியாவில் 1553-ல ஒரு சட்டமே போட்டாங்க: ஏப்ரல் 23-லிருந்து செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது. குளிர்காலத்துல காய்ச்சி, நிலவறையில வெச்சுத்தான் கோடையைத் தாண்டினாங்க.

இப்போ இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாயை நினைச்சுப் பாருங்க. அவருக்கான பீர் பீப்பாய் பீப்பாயா, மாசக்கணக்கில் கப்பல்ல வரணும். இங்கேயே காய்ச்சலாம்னா வெயில். அதனால மலை ஏறினாங்க. எட்வர்ட் டயர் என்பவர் இமயமலைச் சரிவில், ஏறக்குறைய 6,000 அடி உயரத்துல இருக்கிற கசௌலியில் ஒரு ஆலை போட்டார். வழக்கமாச் சொல்ற வருஷம் 1855. குளிர் இருந்தது, ஊற்றுத் தண்ணி இருந்தது, பக்கத்துலயே ராணுவ முகாமும் சிம்லாவும் இருந்தன. அங்கிருந்து வந்ததுதான் 'லயன்' பீர். பிறகு பீர் காய்ச்சுறது சோலனுக்கு மாறியது, கசௌலி விஸ்கி ஆலையானது. நம்ம நீலகிரியிலும் இதே காரணத்துக்காக ஆலைகள் வந்தன. 1915-ல தென்னிந்திய ஆலைகள் சிலதைச் சேர்த்து உருவானதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ்.

டயர்ங்கிற பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? எட்வர்டோட மகன் ரெஜினால்ட் டயர். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்னவர். 1949-ல நரேந்திர நாத் மோகன் அந்தக் கம்பெனியை வாங்கினார். ஆனா 'டயர் மீக்கின்'ங்கிற பேர் 'மோகன் மீக்கின்' ஆனது 1960-கள்லதான். 1954-ல ஓல்ட் மங்க் ரம் வந்தப்பகூட கம்பெனி பேர்ல டயர் இருந்தார். இதை முதல்ல படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் கசந்தது.

இதுக்கு நடுவுல 1870-கள்ல ஜெர்மனியில் கார்ல் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதுக்குப் பணம் போட்டவங்கள்ல பீர் ஆலைக்காரங்களும் உண்டு. அதுக்கப்புறம் மலை தேவையில்லை. கரண்ட் இருந்தாப் போதும், பீர் எந்த வெயில் ஊருக்கும் இறங்கி வரலாம்.

இறங்கியும் வந்தது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு வந்து, 1971-ல விலகி, திரும்பப் போட்டு, திரும்ப எடுத்து, கடைசியில 1987-ல கள்ளுக்கடைகளை மூடினாங்க. பீருக்கு அந்தக் கதி இல்லை. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசோட டாஸ்மாக்கே நடத்துது. கள்ளுல கலப்படம் நடந்துச்சுன்னு சொல்வாங்க. நடந்திருக்கலாம், நான் மறுக்கலை. ஆனா கலப்படம் செஞ்சவங்களை விட்டுட்டு மரம் ஏறினவங்களை இறக்கினது எனக்கு இன்னும் நியாயமாப் படலை.

அதுக்கப்புறம் தாத்தா பதநீர், கருப்பட்டின்னு கொஞ்ச காலம் ஓட்டினார். அப்பா மரம் ஏறலை, பட்டாசு ஆலைக்குப் போனார். அங்கேயும் வெயில்தான் முதலாளி. மருந்து காயணும், அட்டை காயணும், மழை பெஞ்சா கூலி கிடையாது.

கசௌலி கதையை தாத்தாகிட்ட முழுசாச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த மலையில பனை உண்டா?"ன்னார்.

"இல்ல தாத்தா, பைன் மரம்தான்."

"அதான்"ன்னார். "பாவம், அவங்க வேற என்ன செய்வாங்க?"