பின்னி மில் சொல்லும் பாடம்



நம்மில் பலர் இன்று பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறோம். "நம்ம ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணுதான் சார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பேச்சை உரசிப் பார்க்க நம் ஊரிலேயே ஓர் உரைகல் உண்டு. அதுதான் பெரம்பூர் பக்கம் இருந்த பி அண்ட் சி மில். பின்னி மில் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும்.

அங்கே சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர், முஸ்லிம்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, ஒரு பார்சிக்காரர். அவருடன் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் நின்றார்கள். பல தரப்பாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தது அன்றைக்குப் பெரிய சாதனை.

1921ல் அந்த ஒற்றுமைக்குச் சோதனை வந்தது. மில்லில் வேலைநிறுத்தம் மூண்டது. அதற்குச் சில மாதம் முன்புதான் இன்னொரு போராட்டம் முடிந்திருந்தது, கையில் காசில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். அவர்கள் பக்கம் பேசியவர் எம்.சி. ராஜா. நம்ம சைதாப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பரங்கிமலையில் பிறந்தவர். வேடிக்கை என்னவென்றால், ராஜாவும் திரு.வி.க.வும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர்கள்!

வேலைக்குப் போனவர்களை வைத்தே நிர்வாகம் மில்லை ஓட்டப் பார்த்தது. பகை தெருவுக்கு வந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

இதில் குற்றவாளி யார்? 'எல்லாரும் தொழிலாளிதானே' என்று சங்கம் நினைத்தது. ஒரு பிரிவினருக்கு இருந்த தனிக் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. நிர்வாகமோ அந்தப் பிரிவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. ஒன்று வேற்றுமையைப் பார்க்காத தவறு. மற்றொன்று வேற்றுமையைப் பயன்படுத்திக்கொண்ட தவறு. இரண்டுக்கும் விலை கொடுத்தது புளியந்தோப்புக் குடிசைகள்.

அந்த மில் 1996ல் மூடப்பட்டது. பாடம் மூடப்படவில்லை. நாளைக்கு ஆபீஸ் போனதும், "எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்வதற்கு முன், கூட்டங்களில் வாயே திறக்காத அந்த ஒருவரிடம் போய், "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேளுங்கள். நிர்வாகம் அங்கேதான் ஆரம்பம்.