பெட்டிக்குள் ஒரு மரம்

மரத்தைப் பார்த்து அதைப் போலவே இன்னொன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு ஏன் வந்தது? கல்லில் கடவுளைச் செய்ததற்குக் காரணம் சொல்லலாம். கடவுள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மரமோ வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஜெர்மனியிலே காடு காடாக நிற்கிறது. அப்படியிருந்தும், கிறிஸ்துமஸ் மரத்துக்குப் போலி செய்யும் கலை வளர்ந்தது அந்த ஜெர்மனியில்தான். விசித்திரமாகத் தோன்றினாலும் இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

1605-ஆம் வருஷத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்றில், அவ்வூரார் பண்டிகை நாட்களில் ஃபர் மரங்களைக் கூடத்தில் நிறுத்தி, காகித ரோஜா, ஆப்பிள், மினுக்குத் தகடு, தித்திப்புப் பண்டம் ஆகியவற்றைத் தொங்கவிடுவார்கள் என்று காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் ஜெர்மானிய வீடுகளில் பரவலாயிற்று. விக்டோரியா ராணி தம் கணவரோடும் குழந்தைகளோடும் மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரம் 1848-இல் லண்டன் பத்திரிகையில் வெளியான பிறகு ஆங்கிலேயர்களும் இதை ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள்.

ஆசை பெருகினால் காட்டுக்கு ஆபத்து. ஒரு குடும்பத்துக்கு முழு மரம் வேண்டியதில்லை. இளமரத்தின் உச்சியை வெட்டிக்கொண்டு வந்தால் கூடத்துக்குப் போதும். ஆனால் உச்சி போன மரம் அதன் பிறகு நேராக ஓங்கி வளராது. விட்டத்துக்கோ பலகைக்கோ உதவாது. சில நாள் அலங்காரத்துக்காகப் பல பத்தாண்டுகள் வளர்ந்து பயன் தரவேண்டிய மரம் வீணாயிற்று. காட்டை நம்பி வாழ்ந்த ஜனங்களுக்கு இது சின்ன நஷ்டமல்ல.

அப்போது பிறந்ததுதான் இறகு மரம். கூஸ் என்று சொல்லப்படும் பெரிய வாத்து ஜெர்மானியர்களின் குளிர்கால விருந்துக்கு இன்றியமையாதது. அதன் இறகை நடுத்தண்டோடு பிளந்து, பச்சைச் சாயத்தில் தோய்த்து, கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றினார்கள். அது கிளையாயிற்று. கிளைகளை ஒரு மரக்கோலில் அடுக்கடுக்காகக் கட்டினார்கள். கிளை நுனியில் சிவப்புப் பழம் போன்ற சிறு உருண்டையையோ, மெழுகுவத்தி வைக்கும் கிண்ணத்தையோ பொருத்தினார்கள். மேஜை மேல் வைக்கும் சாண் உயர மரமும் உண்டு. ஆள் உயரத்தைத் தாண்டிய மரமும் உண்டு.

இன்றைக்கு அந்த மரத்தைப் பார்க்கிறவர்கள், “இது என்ன, மொட்டையாக இருக்கிறதே!” என்பார்கள். அடுக்குக்கு அடுக்கு அவ்வளவு இடைவெளி. ஆனால் அந்தத் தொழிலாளிகளின் கைப்பிழை அன்று அது. அவர்கள் அறிந்த இளம் ஃபர் மரம் இடைவெளி விட்டுத்தான் கிளைக்கும். மேலும், மெழுகுவத்தி எரியும் மரத்தில் ஒரு கிளையின் சுடர் மேல் கிளையைத் தொடாமலிருக்க வேண்டும். தொங்கும் பொம்மை தாராளமாக ஆட வேண்டும். ஆகவே அவர்கள் இலையைப் பார்த்து இறகைச் செய்ததோடு, இலையில்லாத இடத்தையும் பார்த்துச் செய்தார்கள். அசல் மாதிரி இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது என்பதற்கு இது முதல் சாட்சி.

பண்டிகை முடிந்தால் அசல் மரம் குப்பைக்குப் போகும். இறகு மரமோ, குடையை மடக்குவது போலக் கிளைகளை மேல்நோக்கி மடக்கியதும் ஒல்லியாகி நீளப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதற்கு இரண்டு சத்துருக்கள். அந்துப்பூச்சி இறகைத் தின்னும். வெளிச்சம் சாயத்தை வெளுக்கும். இரண்டுக்கும் இடம் கொடாமல் வைத்தவர்களின் மரம் பேரன் காலம் வரை வந்தது. நம் வீடுகளில் கொலுப் பொம்மைகள் பழந்துணிக்குள் உறங்கி வருஷத்துக்கு ஒரு முறை விழித்துக்கொள்கின்றன அல்லவா? அப்படித்தான்.

இறகுக்குப் பின் பிரஷ் மரம் வந்தது. புட்டி கழுவும் பிரஷ்ஷில் இரண்டு கம்பிகளை முறுக்கி நடுவே மயிரைப் பிடிக்க வைக்கிறார்களே, அந்த யுக்தியேதான். அது இன்றும் உயிரோடிருக்கிறது.

அமெரிக்காவிலே 1959-இல் விஸ்கான்ஸின் மாகாணத்து மானிட்டோவாக் என்ற ஊரின் அலுமினியம் ஸ்பெஷால்டி கம்பெனி “எவர்க்ளீம்” என்ற வெள்ளி நிற மரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அசலைப் போல இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே அது விட்டுவிட்டது. அலுமினியத் தாளை மெல்லிய இழைகளாக நறுக்கிக் கம்பியில் முறுக்கிய கிளைகள். அவற்றைச் செருகத் துளையிட்ட கோல். உலோகமானதால் மின்சார விளக்குச் சரத்தைச் சுற்றினால் அதிர்ச்சி தாக்கக்கூடும். அதனால் கீழே ஒரு விளக்கை வைத்து, அதன் முன்னே வர்ணச் சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். மரம் சிவக்கும், நீலமாகும், பச்சையாகும். அந்தப் பத்தாண்டுகளில் அந்தக் கம்பெனி மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் செய்தது.

1965 டிசம்பர் 9-ஆம் தேதி தொலைக்காட்சியில் சார்லி பிரௌன் கிறிஸ்துமஸ் சித்திரம் காட்டப்பட்டது. பளபளக்கும் அலுமினிய மரங்களுக்கு நடுவே வாடி நின்ற ஓர் அசல் மரக்கன்றை அந்தச் சிறுவன் தேர்ந்தெடுத்தான். அதன் பிறகு சில வருஷங்களில் அலுமினிய மரத்தின் மோகம் தணிந்தது. ஆனால் அன்று ஒவ்வொரு கிளையையும் அதனதன் காகித உறையில் திருப்பிப் போட்டு வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மரங்களைத்தான் இப்போது சேகரிப்பவர்கள் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

பிறகு பிளாஸ்டிக்கின் ராஜ்யம். பி.வி.சி. தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பிரஷ் மாதிரியே முறுக்கினார்கள். பார்வைக்கு அடர்த்தி; கிட்டே போனால் தட்டையான காகிதம். பின்னால் வந்த பாலிஎதிலீன் கிளையோ அச்சில் வார்க்கப்படுவது. அசல் கிளையிலிருந்தே அச்சு எடுப்பதால் ஊசியிலையின் பருமனும் நிறமும் கையை ஏமாற்றும். விலை அதிகமானதால் வெளிப்புறத்தில் பாலிஎதிலீனும் உட்புறத்தில் பி.வி.சி.யும் கலந்து செய்கிறார்கள். கிளை நுனிகள் இத்தனை ஆயிரம் என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். மரத்தின் உயரத்தையும் சுற்றளவையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மாண்ட்ரியால் நகரத்து எல்லிப்சோஸ் என்ற நிறுவனம் 2009-இல் ஆராய்ந்து, சீனாவிலிருந்து வரும் பிளாஸ்டிக் மரத்தை 20 வருஷமாவது உபயோகித்தால்தான், வருஷா வருஷம் அசல் மரம் வாங்குவதைவிட அது பூமிக்கு நல்லது என்று சொல்லிற்று. மரம் வரும் தூரத்தைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். ஆனால் நாலைந்து வருஷத்தில் தூக்கி எறிகிற மரம் எந்தக் காட்டையும் காப்பாற்றவில்லை என்பது நிச்சயம். காட்டின் மேல் கொண்ட கவலையால் பிறந்த பொருளுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

ஆகவே வாங்கும்போதே வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். கூரைக்கடியில் வெயிலில் வேகும் பரண் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஈரமோ கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். விளக்குகளைக் கழற்றி, தூசியைத் துடைத்து, கிளைகளை அடிமரத்தோடு மடித்து, துணிப்பட்டையால் கட்டி, உறுதியான பெட்டியில் உலர்ந்த அறையில் வைப்பதே முறை. பழைய பி.வி.சி. மரங்கள் சிலவற்றில் ஈயம் சேர்த்திருக்கிறார்கள். அவை முதுமையில் உதிரத் தொடங்கினால் தூசியிலும் ஈயம் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றுக்கு விடை கொடுத்துவிடுவது நல்லது.

கடைக்காரர் மரத்தை விரித்துக் காட்டுவார். அது அவர் வேலை. அதை மடக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்கிறவர்தான் நல்ல மரம் வாங்குகிறார்.