வேளாண்மையின் வெற்றி தவிர்க்கவியலாததா? கோட்லாந்துத் தீவு தரும் சான்று

வேட்டைக் குடிகள் வேளாண் குடியேறிகளுக்கு அடங்காது நிலைத்திருந்தால் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என்னும் வினா முற்றிலும் கற்பனையன்று. வேளாண்மை கி.மு. 4000 அளவில் தென் ஸ்காண்டிநேவியாவை அடைந்தது. பால்டிக் கடலிலுள்ள கோட்லாந்துத் தீவின் அன்சார்வே கல்திட்டையில் அடக்கம் செய்யப்பட்டோர் அவ்வேளாண் மரபினரே. எனினும், அதே தீவின் ஐவிடே இடுகாட்டிற்குரிய குழிப்பானைப் பண்பாட்டினர் கடல்நாய் வேட்டையையும் மீன்பிடிப்பையும் பெரிதும் சார்ந்திருந்தனர் என்பதை எலும்புகளின் ஐசோடோப்பு ஆய்வு காட்டுகிறது. தொல்மரபணுவும் இவ்விரு மக்களை வேறுபடுத்துகிறது. கி.மு. 3ஆம் ஆயிரமாண்டிலும் இவ்வாழ்முறை தொடர்ந்தது. அண்டையில் பயிர்த்தொழில் இருந்தும் அதனை ஏலாது வாழ்ந்தமையை அறியாமை எனல் பொருந்தாது. வாழ்முறையைக் கைவிடாமையும் எதிர்ப்பே. ஆகவே, வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு என்னும் படிநிலையை மானுடத்தின் ஒரே வழியாகக் கொள்ளும் வரலாற்றெழுத்து மறுஆய்வுக்குரியது.