மாநாடு உருவாக்கிய துறை

ஒரு கல்வித்துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நூல்களையும் ஆய்விதழ்களையும் வரிசைப்படுத்துவார்கள். எந்த ஆண்டில் எந்தக் கோட்பாடு வந்தது, அதை யார் மறுத்தார், மறுத்தவரின் மாணவர்கள் யார் யார் என்று கதை நகரும். அமெரிக்காவில் வளர்ந்து உலகெங்கும் பரவிய தொடர்பியல் துறைக்கு இந்த முறை போதாது. அதன் முக்கியமான திருப்பங்கள் பல ஆண்டு மாநாடுகளில்தான் நிகழ்ந்தன. அவற்றுக்குக் காரணம் அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளும் அல்ல. மாநாட்டை எந்த ஊரில் கூட்டுவது, யாரைச் சேர்த்துக்கொள்வது, எந்த ஹோட்டலில் தங்குவது, எவர் பெயரால் பேசுவது என்பதையொட்டி எழுந்த சச்சரவுகள்தான் காரணம். வெறும் நிர்வாக விவகாரம் என்று ஒதுக்கப்படும் இந்தச் சச்சரவுகளை அத்துறையின் சிந்தனை வரலாற்றுக்குள்ளேயே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

துறை பிறந்த விதமே இதற்கு முதல் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் மேடைப்பேச்சும் விவாதமும் கற்பித்தவர்கள் பலர் ஆங்கிலத் துறைகளுக்குள் இருந்தார்கள். இலக்கியப் பேராசிரியர்கள் அவர்களைக் குரல் பயிற்சி தருபவர்களாகவே பார்த்தார்கள். பாடத்திட்டமும் பதவி உயர்வும் அந்தப் பேராசிரியர்கள் கையில் இருந்தன. 1911இல் ஆங்கில ஆசிரியர்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பு தோன்றியபோது, பேச்சு ஆசிரியர்கள் அதற்குள் ஒரு பிரிவாக ஒண்டிக்கொண்டார்கள். 1914 நவம்பரில் அந்த அமைப்பு சிகாகோவில் கூடியது. பிரிந்து போவதா வேண்டாமா என்ற நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 28ஆம் தேதி 17 பேர் தனியாக உட்கார்ந்து புதிய சங்கத்தைத் தொடங்கினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஓ’நீல் முதல் தலைவரானார். கார்னெலின் ஜேம்ஸ் வைனன்ஸ், இல்லினாயின் சார்ல்ஸ் வுல்பர்ட் ஆகியோரும் அந்த 17 பேரில் உண்டு. இன்று என்.சி.ஏ. என்ற பெயரில் இயங்கும் நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷனின் தொடக்கம் அதுதான்.

இவர்களை ஒன்றுசேர்த்தது ஒரு கோட்பாடு என்று எண்ணினால் அது தவறு. சங்கத்தின் ஆய்விதழ் அடுத்த ஆண்டே வெளிவந்தது. வந்ததும் அதன் பக்கங்களில் சண்டை மூண்டது. பேச்சை உளவியல்போல அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்றார்கள் வைனன்ஸும் வுல்பர்ட்டும். தெற்கு டகோட்டாவின் சிறிய ஹ்யூரன் கல்லூரியிலிருந்து எவரெட் ஹன்ட் அதை எதிர்த்தார். பொதுப்பேச்சு என்பது கலைப்புலக் கல்வியின் அங்கம், ஆய்வுக்கூடப் பொருள் அல்ல என்பது அவர் நிலை. துறையின் பாடப்பொருள் என்ன என்பதிலேயே உடன்பாடு இல்லாதவர்களிடம் பொதுவாக இருந்தவை இரண்டுதான்: ஆங்கிலத் துறையில் பட்ட அவமதிப்பு, ஆண்டுக்கொரு முறை தாங்களே நடத்தும் கூட்டம். முதலில் வந்தது கூட்டம்; இதழும் தனித் துறைகளும் முனைவர் பட்டங்களும் அதன் பின்னே வந்தன. அந்த 17 பேரும் ஆண்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேச்சுக்கலையைக் கற்பித்த பெண்கள் அப்போது நாடெங்கும் இருந்தார்கள். ஆனால் ஹென்றியெட்டா பிரென்டிஸ் என்ற பெண் தலைவர் வருவதற்கு 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆங்கில ஆசிரியர்களிடமிருந்து பிரிந்து வந்தவர்களிடமிருந்தே பிறகு பலர் பிரிந்து போனார்கள். 1925இல் பேச்சுக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை தருபவர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். 1936இல் நாடக ஆசிரியர்கள். 1950இல் இதே சங்கத்தின் கிளையாகத் தொடங்கிய இன்னொரு அமைப்பு 1969இல் இன்டர்நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன், அதாவது ஐ.சி.ஏ., என்று பெயர் மாற்றிக்கொண்டது. நிகழ்ச்சி நிரலில் போதிய இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென்று நிகழ்ச்சி நிரல் அச்சிடும் அமைப்பைத் தேடிப் போனார்கள் என்றே இந்தப் பிரிவுகளை நான் வாசிக்கிறேன். நிகழ்ச்சி நிரல் ஏன் இவ்வளவு முக்கியம்? என்.சி.ஏ. மாநாட்டின் வழக்கமான அமர்வுக்கு 75 நிமிடம். அதற்குள் நான்கைந்து கட்டுரைகள், ஒரு தலைவர், எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்லும் ஒருவர், மிஞ்சிய நேரத்தில் கேள்விகள். ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தாலே அதிகம். ஆய்வை விளக்க அது போதாதுதான். ஆனால் ஒரு பிரிவுக்கு எத்தனை அமர்வுகள் ஒதுக்கப்படுகின்றன என்பதை வைத்தே, அந்தப் பொருளில் ஆய்வு செய்யும் இளைஞருக்கு எதிர்காலம் உண்டா இல்லையா என்று துறை கணித்துக்கொள்கிறது. பல காலம் வேலைக்கான நேர்காணல்களும் அதே ஹோட்டல்களில்தான் நடந்தன.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. தொடர்பியலின் பெரிய கருத்துகள் இந்த மாநாடுகளிலிருந்து வரவில்லையே என்று கேட்கலாம். ஹரால்ட் லாஸ்வெல் அரசியல் அறிஞர். பால் லசார்ஸ்ஃபெல்ட் சமூகவியலாளர். கர்ட் லெவினும் கார்ல் ஹோவ்லண்டும் உளவியலாளர்கள். பேச்சு ஆசிரியர்களின் மாநாட்டை நம்பி இவர்கள் ஆய்வு செய்யவில்லை. அது உண்மை. ஆனால் இந்த நால்வரை வைத்தே துறையை எடைபோட்ட பெர்னார்ட் பெரல்சன் என்ன முடிவுக்கு வந்தார் என்று பாருங்கள். தொடர்பியல் ஆய்வு வாடிக்கொண்டிருக்கிறது என்று 1959இல் அவர் எழுதினார். முன்னோடிகளில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள், புதிய பெரிய கருத்து எதையும் காணோம் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை, முன்கணிப்புதான் பொய்த்தது. பெரிய பெயர்கள் விலகிய பிறகும் துறை வாடவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் பன்மடங்கு பெருகியது. பேச்சுத் துறைகளும் இதழியல் பள்ளிகளும் அவற்றின் சங்கங்களும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருந்தன. வந்து போகிறவர்களின் ஆர்வத்தைத் தங்கி வேலை செய்கிறவர்களின் தொழிலாக மாற்றியவை அவையே. கருத்து எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. அதைத் துறையாக நிலைநிறுத்தியது எது என்பது இன்னொரு கேள்வி. என் வாதம் இரண்டாவதைப் பற்றியது.

1968 வேறு வகையான சோதனை. அந்த ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தபோது, வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்டவர்களைக் காவல்துறை தெருவில் அடித்து நொறுக்கியது. தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. அதே சிகாகோவில் டிசம்பர் இறுதியில், இன்று என்.சி.ஏ. எனப்படும் பேச்சுச் சங்கத்தின் ஆண்டு மாநாடு கூட வேண்டியிருந்தது, கூடியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டும் அது. பேச்சுச் சுதந்திரத்தைப் பாடமாக நடத்துகிறவர்கள் இந்த நகரத்தில் என்ன பேசப் போகிறோம் என்ற கேள்வியை யாராலும் தவிர்க்க முடியவில்லை. சமூகப் பொறுப்பைப் பற்றிய திறந்த விவாதம் அங்கே நடந்தது. கறுப்பினப் பேராசிரியர்களின் அணி அங்கே உருவானது. சில ஆண்டுகளில் பெண்களின் அணியும் வந்தது. 1970இல் விஸ்கான்சினின் விங்ஸ்ப்ரெட் மண்டபத்திலும் இல்லினாயின் ஃபெசன்ட் ரன் விடுதியிலும் நடந்த சிறப்புக் கூட்டங்கள், மேடைச் சொற்பொழிவோடு நின்றுவிடாமல் ஊர்வலம், மறியல், ஊடகம் என்று விரிந்து போகும்படி சொற்கலை ஆய்வைக் கேட்டுக்கொண்டன.

இங்கே எனக்கு எதிரான சான்று ஒன்று இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க்ளின் ஹைமன் தெருப் போராட்டங்களின் பேச்சுமுறையைப் பற்றி 1967இலேயே சங்கத்தின் ஆய்விதழில் எழுதிவிட்டார். அப்படியானால் இதழ்தானே முந்திக்கொண்டது? முந்தியது உண்மை. ஆனால் ஒரு கட்டுரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதைப் படித்துவிட்டு மறந்துவிட முடியும். பொதுக்குழுவில் எழுந்து நின்று வாக்குக் கேட்கும் அணியை அப்படி மறக்க முடியாது. அணி நிகழ்ச்சி நிரலில் இடம் கேட்கிறது. பாடத்திட்டத்தில் இடம் கேட்கிறது. பின்னாளில் மொலெஃபி அசான்டே என்று அறியப்பட்டவர் 1969இல் கறுப்பினப் புரட்சியின் சொற்கலையைப் பற்றி எழுதிய நூலுக்கு வாசகர்களை உண்டாக்குகிறது. ஹைமனின் பார்வை தனி மனிதரின் துணிச்சலாக முடிந்துபோகாமல் பாடமாக மாறியதற்கு அந்த டிசம்பர் கூட்டத்தின் கொந்தளிப்பும் ஒரு காரணம்.

இன்னும் ஆழமான எதிர்ப்பு மரீ ஹாக்முத் நிக்கல்ஸிடமிருந்து வந்தது. சொற்கலை விமரிசனத்தில் தன் தலைமுறையின் முதன்மையான அறிஞர்களில் ஒருவரான அவர் 1969இல் சங்கத் தலைவராக இருந்தார். அன்றைய தலைப்புச் செய்திக்கு உடனே பயன்பட வேண்டும் என்ற நெருக்கடி அறிவுத்தேடலை நசுக்கிவிடும் என்று தலைமையுரையில் எச்சரித்தார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அரிஸ்டாட்டிலைப் படிப்பதற்கு எந்தத் தெருவும் அனுமதி தர வேண்டியதில்லை. ஆயினும் அவரது வாதத்தில் ஒரு இடைவெளி உண்டு. யார் பேசுகிறார்கள், யார் பேச விடாமல் தடுக்கப்படுகிறார்கள் என்பதே இந்தத் துறையின் ஆய்வுப்பொருள். அந்தப் பொருளைத் தன் சொந்தக் கூட்டத்தில் காண மறுக்கும் சங்கம் தன் வேலையைச் செய்யத் தவறுகிறது. வேதியியலாளர்களின் மாநாட்டில் யார் மேடையேறுகிறார்கள் என்பது நீதி சார்ந்த கேள்வி. தொடர்பியல் மாநாட்டிலோ அது நீதியோடு ஆய்வும் சார்ந்த கேள்வி.

2008இல் சான் டியேகோவில் இந்தக் கேள்வி தங்கும் அறை வரைக்கும் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் மாநாட்டுக்குப் பெரிய ஹோட்டலைப் பல ஆண்டுகள் முன்பே பேசி முடிப்பார்கள். இத்தனை இரவுக்கு இத்தனை அறைகள் நிரம்பும் என்று சங்கம் உறுதி தரும். பதிலுக்குக் கூட்ட அரங்குகள் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும். அறைகள் நிரம்பாவிட்டால் நஷ்டம் சங்கத்தின் தலையில் விழும். என்.சி.ஏ. இப்படி ஒப்பந்தம் போட்டிருந்தது மான்செஸ்டர் கிராண்ட் ஹயாத்துடன். ஹோட்டலின் உரிமையாளர் டக் மான்செஸ்டர், கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் ‘முன்மொழிவு 8’க்கு 1,25,000 டாலர் கொடுத்தார். ஏற்கெனவே அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களின் வேலைச்சுமை குறித்து யுனைட் ஹியர் தொழிற்சங்கம் குறை எழுப்பியிருந்தது. ஒருபாலினத் திருமண ஆதரவாளர்களும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்து ஹோட்டலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். நவம்பர் 4ஆம் தேதி வாக்கெடுப்பில் முன்மொழிவு வென்றது. அதே மாதப் பிற்பகுதியில் மாநாடு. ஒப்பந்தத்தை முறித்தால் பெருந்தொகை தண்டம் கட்ட வேண்டும் என்று சங்கம் அங்கேயே கூடியது. உறுப்பினர்கள் பலர் தங்கள் அமர்வுகளை அருகிலிருந்த வேறு இடங்களுக்கு மாற்றி ஒரு மாற்று மாநாட்டையே நடத்தினார்கள்.

புறக்கணித்தவர்களிடம் எனக்கு ஈடுபாடு அதிகம். உள்ளே போனவர்களின் வாதமும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல: தண்டத் தொகை உறுப்பினர்களின் சந்தாப் பணம், வேலை தேடி வந்த ஆய்வு மாணவருக்கு அந்த நான்கு நாட்கள் தவறினால் ஓராண்டு போய்விடும். ஆனால் புறக்கணிப்பும் ஒருவகைப் பேச்சு, வராமல் இருப்பதும் ஒரு வாதம் என்று வகுப்பில் கற்பித்தவர்கள், அந்தப் பேச்சு தங்களை நோக்கி வந்தபோது என்ன பதில் சொன்னார்கள் என்பது அவர்களது கோட்பாட்டின் உரைகல் ஆகிவிட்டது.

அமெரிக்காவுக்கு வெளியே இடத்தின் கேள்விக்குக் கடவுச்சீட்டின் கனம் உண்டு. யுனெஸ்கோவின் ஆதரவில் 1957இல் பாரிசில் பிறந்த ஐ.ஏ.எம்.சி.ஆர். என்ற சர்வதேச ஊடக ஆய்வுச் சங்கம் 1974இல் லைப்சிக், 1978இல் வார்சா, 1984இல் பிராகா என்று சோஷலிச நாடுகளில் கூடியது. மேற்கே பயண அனுமதி கிடைக்காத ஆய்வாளர்கள் அங்கே மேற்கத்திய ஆய்வாளர்களை நேரில் சந்தித்தார்கள். செய்திப் பரவலில் ஏழை நாடுகளுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றி யுனெஸ்கோ அமைத்த மக்பிரைட் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்த 1980இல் அவ்வமைப்பு கராகஸில் கூடியது. அந்த விவாதத்தில் கசப்படைந்து அமெரிக்காவும் பிரிட்டனும் யுனெஸ்கோவிலிருந்து வெளியேறிய பின், 1986இல் புதுதில்லியில் கூடியது, 2014இல் ஹைதராபாத்தில். அரசியல் பொருளாதாரக் கண்ணோட்டமும் மூன்றாம் உலகின் குரலும் இந்தச் சங்கத்தில் வலுப்பெற்றதை, அது கூடிய ஊர்களின் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு விளக்க முடியாது.

கடைசியாக, இன்று பலரும் சொல்வது: இணையவழி போதும், விமானமும் விசாவும் ஹோட்டலும் எதற்கு? 2020இல் கொரோனா காரணமாகக் கோல்ட் கோஸ்டில் நடக்கவிருந்த ஐ.சி.ஏ. மாநாடும் இண்டியானாபொலிஸில் நடக்கவிருந்த என்.சி.ஏ. மாநாடும் திரைக்கு இடம்மாறின. கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, விருதுகள் அறிவிக்கப்பட்டன. கட்டுரைக்காகத்தான் மாநாடு என்றால் அப்படியே தொடர்ந்திருக்கலாம். என்.சி.ஏ. அடுத்த ஆண்டே சியாட்டிலில் நேரில் கூடியது, ஐ.சி.ஏ. 2022இல் பாரிசில். இதைப் பழக்கத்தின் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வெளியேறிப் போய்ப் பக்கத்து அறையில் வேறு சங்கம் தொடங்குவதையும், பொதுக்குழுவில் எழுந்து நிற்பதையும், அரங்கை விட்டு மாற்று மாநாட்டுக்கு நடப்பதையும் திரையில் செய்வது கடினம். அங்கே வெளியேறுகிறவரின் சதுரம் மறைகிறது, அவ்வளவுதான்; யாரும் பின்தொடர்வதில்லை.

ஆனால் நேரில் கூடுவதன் விலையை இந்த வாதம் குறைத்துவிடாது. ஐ.சி.ஏ. உலக வங்கியின் வருமான வகைப்படி நாடுகளைப் பிரித்து, ஏழை நாட்டினருக்குக் கட்டணத்தைக் குறைக்கிறது. விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் அப்படிப்பட்ட வகைப்பாடு இல்லை. 2017 ஜனவரியில் அமெரிக்கா ஏழு நாட்டினருக்கு நுழைவைத் தடைசெய்தது, ஐ.சி.ஏ. அந்த மே மாதம் கூட வேண்டிய ஊர் சான் டியேகோ. அதற்குள் நீதிமன்றங்கள் தடையை நிறுத்திவைத்திருந்தன. ஆனால் கட்டுரை ஏற்கப்பட்ட ஈரானிய மாணவர் சீட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய வாரங்களில் அந்தத் தீர்ப்புகள் எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மாநாட்டு ஊரைத் தேர்ந்தெடுக்கும் குழு, கடற்கரையையும் அறை வாடகையையும் பார்ப்பதற்கு முன்னால், அந்த நாட்டின் தூதரகம் யாருக்கெல்லாம் விசா மறுக்கிறது என்ற விவரத்தை மேசைமேல் வைக்க வேண்டும்.