மெய்யான விசுவாசத்தின் இயல்பு

கிறித்தவ சமய வரலாற்றில், மெய்யான விசுவாசம் யாது என்னும் வினா ஒரு சொல்லை முன்னிட்டுப் பெரும் பூசலாக மூண்டதுண்டு. 1522-இல் மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டைச் செருமானிய மொழியிற் பெயர்த்தார். பவுல் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்து 28-ஆம் வசனத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டுமே' என்னும் பொருளுடைய சொல்லை அவர் சேர்த்தார். மாற்றார் கண்டித்தபோது, பவுலின் கருத்தும் செருமானிய மொழி மரபும் அதனை வேண்டி நின்றன என 1530-இல் விடை கூறினார்.

யாக்கோபின் திருமுகமோ இரண்டாம் அதிகாரத்து 24-ஆம் வசனத்தில் அந்த 'மட்டும்' என்பதனையே மறுக்கின்றது. இருவரும் ஆபிரகாமையே சான்று காட்டுகின்றனர். ஆதியாகமத்தின் ஒரே வசனத்தையே எடுத்தாளுகின்றனர். விருத்தசேதனத்திற்கு முன்னரே அவன் நீதிமானாக எண்ணப்பட்டான் என்பார் பவுல். ஈசாக்கைப் பலியிட முற்பட்ட செயலால் அவன் விசுவாசம் நிறைவுற்றது என்பார் யாக்கோபு. முரண் கண்ட லூதர், 1522-ஆம் ஆண்டு முன்னுரையில் யாக்கோபின் திருமுகத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார்.

இம்முரண் மெய்யானதா? இருவரும் மறுப்பது ஒன்றன்று என்பதே எம் கருத்து. கடவுள் ஒருவரே எனப் பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. அவர் மறுப்பது செயலற்ற அறிவிசைவு. செயலைக் கூலிக்குரிய உழைப்பாகக் கருதுவதைப் பவுல் மறுக்கிறார். கலாத்தியருக்கு எழுதுங்கால், அன்பின் வழிச் செயற்படும் விசுவாசத்தை அவரே போற்றுகிறார். லூதரும் உரோமர் திருமுகத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளதாதலின் நற்செயல் புரியாது அமையாது என்றார்.

எனினும் வேற்றுமை முற்றும் நீங்கிற்றில்லை. அன்பு விசுவாசத்தின் கனி என்றார் லூதர். நம்பிக்கையும் அன்பும் கூடாத விசுவாசம் மனிதனைக் கிறித்துவோடு முழுமையாக இணைக்காது என்று 1547-இல் திரெந்துப் பொதுச்சங்கம் அறுதியிட்டது. 1999-இல் ஆக்சுபர்க்கு நகரில் கத்தோலிக்கரும் லூதரன் உலகக் கூட்டமைப்பினரும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, அடிப்படை உண்மைகளில் உடன்பாடு கண்டு, எஞ்சிய வேறுபாடுகளையும் குறித்தது.

'பிஸ்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல் நம்புதலையும் நம்பத்தக்கவராய் நிற்றலையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் வழங்கும் 'விசுவாசம்' என்னும் வடசொல்லும் சமய நம்பிக்கை, மாறாப் பற்று என்னும் இருபொருளும் தரும். இவ்விரண்டனுள் ஒன்றை விடுத்துப் பொருள் கொள்வார்க்கே பவுலும் யாக்கோபும் பகைவராகத் தோன்றுவர்.