முட்டுக்கட்டையும் ஏணி வண்டியும்

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலின் முன்னால், விஜயநகரப் பாணியைச் சேர்ந்த மண்டபம் ஒன்று தேர் வடிவில் நிற்கிறது. அதன் அடித்தளத்தில் கற்சக்கரங்களும், அவற்றை இழுத்துப் பாயும் பாவனையில் குதிரைகளும் செதுக்கப்பட்டுள்ளன. தாராசுரத்தில் சோழர் கால மண்டபத்திலேயே காணப்படும் இக்கற்பனை, ஓடும் தேரின் அழகு முழுவதையும் கல்லில் பிடித்து நிறுத்தியது. தேரை ஓட்டுவதற்கான உழைப்பை அது காட்டவில்லை, காட்டத் தேவையும் இல்லை. மரத்தேரின் நிலை வேறு. அது நிலையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே வீதியின் பள்ளங்கள் நிரப்பப்பட வேண்டும், அச்சும் சக்கரமும் சோதிக்கப்பட வேண்டும். தேர் ஓடும்போது சக்கரத்தின் பின்னால் சன்னை எனும் நெடுங்கட்டையைக் கொடுத்து நெம்புவோரும், சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டையைச் சரித்துப் போட்டு, விலகும் தேரைத் திருப்புவோரும் கூடவே செல்ல வேண்டும். தேரின் திசையை உண்மையில் தீர்மானிக்கும் அந்த முட்டுக்கட்டை, பேச்சுவழக்கில் தடை என்ற பொருளை மட்டுமே பெற்றுவிட்டது. தடம் காக்கும் கருவிகளுக்கு வரலாற்றில் கிடைத்த மதிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

மின்சார டிராமின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் அமைத்த தடம் வெற்றி பெற்ற பிறகு, உலகின் பெருநகரங்கள் பலவற்றில் சாலையோடு சாலையாகத் தண்டவாளம் பதித்து மின்வண்டி ஓட்டும் வழக்கம் பரவியது. வண்ணம் பூசிய பயணி வண்டிகள் படங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் நிலைத்தன. அவற்றுக்கு முன்னும் பின்னும், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஓடிய பணி வண்டிகள், அதாவது பயணிகளை ஏற்றாமல் தடத்தையும் கம்பியையும் காப்பதற்காக மட்டும் இயங்கியவை, அருங்காட்சியகங்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

இப்பணி வண்டிகளின் தேவை தண்டவாளத்தின் அமைப்பிலிருந்தே எழுகிறது. ரயில் தண்டவாளம் சல்லிக்கு மேலே எழுந்து நிற்பது. டிராம் தண்டவாளமோ மாட்டு வண்டியும் மனிதரும் தடையின்றிக் கடக்கும் வகையில் சாலை மட்டத்துக்கு இறக்கப்பட்டு, சக்கரத்தின் விளிம்பு இறங்கி ஓடுவதற்கு ஓரத்தில் ஒரு பள்ளவாய் உடையது. அந்தப் பள்ளவாயில் மண்ணும் சாணமும் சருகும் சேர்ந்து இறுகினால் சக்கரம் தடம் புரளும். சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்ப வேண்டிய மின்னோட்டமும் தடைப்படும். எனவே தொட்டி ஏற்றிய நீர் வண்டி, புழுதியை அடக்கியும் தடத்தைக் கழுவியும் சென்றது. ஈரத்தில் வழுக்கும் சக்கரத்துக்கு மணல் தேவைப்பட்டதால், சூளையில் உலர்த்திய மணலைப் பணிமனைகளுக்குக் கொண்டு சேர்க்க மணல் வண்டி ஓடியது. ஓட ஓடத் தண்டவாளத்தின் மேற்பரப்பில் அலை அலையாகத் தேய்மானம் விழும். அதைச் சாணைக்கல் கொண்டு அழுத்தித் தேய்த்துச் சமன்செய்யும் வண்டிகள் மெல்போர்னில் நெடுங்காலம் இயங்கின. டொராண்டோ நகரம் 1970களில் பழைய பயணி வண்டிகளையே இத்தகைய சாணை வண்டிகளாக மாற்றிக்கொண்டது. வயதான பயணி வண்டி பணி வண்டியாக மறுபிறவி எடுப்பது பெரும்பாலான நகரங்களில் பொது வழக்கம்.

பனி பெய்யும் நகரங்களில் பெருக்கும் வண்டிக்கே முதலிடம். வண்டியின் இரு முனைகளிலும் சாய்வாகப் பொருத்திய உருளைத் துடைப்பங்கள், தனி மின்பொறியால் சுழன்று பனியைச் சாலையோரத்துக்கு வாரி எறிந்தன. சிக்காகோவின் மெக்குவயர்-கம்மிங்ஸ் நிறுவனமும் பிலடெல்பியாவின் பிரில் நிறுவனமும் இவ்வண்டிகளைக் கட்டின. துடைப்பத்தின் ஈர்க்குகளாகப் பயன்பட்டது, தென்கிழக்காசியக் காடுகளில் விளையும் பிரம்பு. உறைபனியில் விறைக்காமலும் கல்லில் பட்டு முறியாமலும் வளைந்து கொடுப்பதில் இரும்புக் கம்பியை விட அதுவே மேலாக இருந்தது. நம் ஊரில் கூடை முடையவும் நாற்காலி பின்னவும் பயன்படும் பொருள், வட அமெரிக்காவின் பனிக்காலப் போக்குவரத்தை நடத்தியது என்பதை இங்கே குறிப்பிடாமல் கடக்க முடியவில்லை. 

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7ஆம் நாள் சென்னையில் ஓடத் தொடங்கியது. கல்கத்தாவில் குதிரை டிராம் 1873இலேயே வந்துவிட்ட போதிலும், அங்கு மின்சாரம் புகுந்தது 1902இல்தான், பம்பாயில் 1907இல். சென்னை தேர்ந்தெடுத்த முறை, தலைக்கு மேலே கம்பி கட்டாமல் சாலைக்கு அடியில் மின்சாரம் செலுத்தும் முறை. தடத்தோடு சாலையின் அடியில் நெடுக ஒரு கால்வாய் கட்டி, அதற்குள் மின்கடத்தியைப் பொருத்தி, மேலே விட்ட குறுகிய பிளவின் வழியாக வண்டியின் அடியிலிருந்து ஒரு கொழு இறங்கி அக்கடத்தியைத் தொட்டுக்கொண்டே செல்லும். கலப்பையின் கொழு மண்ணைப் பிளந்து செல்வது போன்ற தோற்றத்தால் ஆங்கிலத்திலும் அவ்வுறுப்புக்குக் கலப்பை என்றே பெயர். வீதியில் கம்பமும் கம்பியும் இல்லாததால் இம்முறை கண்ணுக்கு அழகானது. பிற்காலத்தில் லண்டனும் வாஷிங்டனும் இதையே விரும்பிக் கைக்கொண்டு, முன்னது 1952 வரையிலும் பின்னது 1962 வரையிலும் நடத்தின.

அந்நகரங்களில் கால்வாயில் சேரும் நீரும் சேறும் ஆழமான பாதாளச் சாக்கடைக்குள் வடிந்தன. பிளவைச் சுரண்டவும் அடியில் தேங்கும் சேற்றை வாரவும் தனி ஆட்கள் இருந்தனர். சென்னையோ கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த சமவெளியில் அமைந்த ஊர். கூவமும் பக்கிங்காம் கால்வாயும் வடிகாலாகப் பயன்பட்டாலும், ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் நீர் வடிவதற்குச் சரிவு போதாது. மே மாத வெயிலில் திறந்து வைக்கப்பட்ட மின்கால்வாய், வடகிழக்குப் பருவமழையில் நீர்க்கால்வாய் ஆனது. நீருக்குள் மூழ்கிய கடத்தியிலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் கசிந்தது. பிளவின் வழியாக மண் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் இம்முறை கைவிடப்பட்டு, தலைக்கு மேலே கம்பி கட்டப்பட்டது. வண்டியில் எந்தக் குறையும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. வண்டியின் தடத்தைக் காப்பதற்கு ஊரின் நிலமும் மழையும் இடம் கொடுக்கவில்லை. சென்னை டிராமின் முதல் தோல்வி பராமரிப்பின் தோல்வியே.

மேல்கம்பி வந்தபோது புதிய வேலைகளும் வந்தன. வண்டிக் கூரையிலிருந்து எழும் கோலின் நுனியிலுள்ள உருளை, கம்பியை உரசிக்கொண்டே ஓடுவதால் கம்பி தேயும். வெயிலில் நீண்டு தொய்யும். குறுக்குக் கம்பிகளைத் தாங்கும் கம்பங்கள் சாயும். இவற்றைச் சீர்செய்வதற்காக உலகெங்கும் பயன்பட்டது ஏணி வண்டி. தொடக்கத்தில் குதிரை இழுத்த இவ்வண்டியில், உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய மரக்கோபுரமும் அதன் உச்சியில் ஒரு மேடையும் இருந்தன. கோபுரம் மரத்தால் ஆனதற்குக் காரணம் சிக்கனம் அன்று. உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஏறத்தாழ 500 வோல்ட் பாயும் கம்பியை நிறுத்தாமலேயே மேடையில் நின்று பழுது பார்க்க முடிந்தது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் வந்த பிறகு, தண்டவாளத்தின் மீதே ஓடும் இதன் உறவுமுறை வண்டிக்கும் நகரில் வேலை கிடைத்தது. ரயில்வே தொழிலாளர் அவ்வகை வண்டியை இன்றும் டவர் கார் என்றே அழைக்கின்றனர்.

பராமரிப்பின் சுமை தொழில்நுட்பத்தோடு நிற்கவில்லை. 1870ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் டிராம்வே சட்டம், தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும் அவற்றின் இருபுறமும் 18 அங்குல அகலத்தையும் டிராம் நிறுவனமே செப்பனிட வேண்டும் என விதித்தது. 1886ஆம் ஆண்டின் இந்திய டிராம்வே சட்டம் அதன் வழியில் வந்தது. குதிரை இழுத்த காலத்தில், குதிரையின் குளம்பே சாலையைத் தேய்த்ததால், இவ்விதி நியாயமாக இருந்தது. மின்சாரம் வந்து குதிரை மறைந்த பிறகும் விதி மறையவில்லை. 1920களுக்குப் பின் பெருகிய பேருந்தும் லாரியும் டிராம்காரர் செலவில் பாவிய கல்லின் மீது இலவசமாக ஓடின. தம் எடையால் அதை உடைக்கவும் செய்தன. டிராம் நிறுவனங்கள் உலகெங்கும் நொடித்ததற்கு மோட்டார் வண்டியின் வேகத்தைக் காரணமாகக் கூறுவோர், இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

சென்னையில் 1904 முதல் டிராமை நடத்திய மதராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் நிறுவனத்தை ஊதியம், பராமரிப்பு என இரண்டு பக்கமும் செலவு நெருக்கியது. 1918இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் தோன்றியதை அடுத்துச் சங்கம் அமைத்தவர்களுள் டிராம் தொழிலாளரும் இருந்தனர். அவர்கள் கேட்ட ஊதியம் நியாயமானது. இரண்டாம் உலகப்போரின் ஆண்டுகளில் நகரின் பயணிக் கூட்டம் பெருகியது. இங்கிலாந்திலிருந்து உதிரிப்பொருள் வருவதோ அரிதாகியது. 1947 முதல் அரசே பேருந்து ஓட்டத் தொடங்கியது. தேய்ந்த தடத்தை முற்றிலும் பெயர்த்து மாற்றுவதற்கான முதலை அந்நிலையில் எந்த முதலாளியும் இறக்க முன்வரமாட்டார். 1953 ஏப்ரல் 12ஆம் நாள் நள்ளிரவோடு சென்னை டிராம் நின்றது.

திருவாரூர்த் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சையும் நீரழுத்தத் தடையையும் பெற்று மீண்டும் வீதிக்கு வந்தது. டிராமுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பழைய மவுண்ட் ரோட்டின் படங்களைப் பார்க்க நேர்வோர், நடுவில் நிற்கும் டிராமோடு கண்ணை நிறுத்திவிடாமல், தலைக்கு மேலே தொய்யாமல் செல்லும் கம்பியையும், சாலையோரத்துக் கம்பங்களையும், தண்டவாளத்தை ஒட்டிய கல்பாவலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.